எரியாத விளக்கின் கணக்கு

நாட்டின் மின்தேவை இன்று இவ்வளவு. இன்னும் இருபது ஆண்டுகளில் இவ்வளவாகும். அதற்கு இத்தனை மெகாவாட் உற்பத்தி நிலையங்கள் வேண்டும். இத்தகையதொரு கணக்கை இலங்கை மின்சார சபை, நீண்டகால மின்னுற்பத்தி விரிவாக்கத் திட்டம் என்னும் பெயரில், ஆண்டுகள் பலவாக ஆக்கி வந்தது. அணை எங்கே, அனல்மின் நிலையம் எங்கே, பட வேண்டிய கடன் எவ்வளவு என்பன யாவும் இந்த முதற்கணக்கிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே இதனைப் பொறியியலாளரின் மேசையோடு முடிந்துபோகும் விஷயமென்று நாம் ஒதுக்கிவிட இயலாது. கல்முனைக் கரையோரத்து மக்கள் இதன்பால் எழுப்ப வேண்டிய கேள்விகள் உள.

கணக்கு எவ்வாறு ஆக்கப்படுகிறது? கடந்த ஆண்டுகளில் விற்பனையான மின்சாரம், மொத்த உள்நாட்டு உற்பத்தி, மக்கள்தொகை ஆகியவற்றுக்கிடையேயுள்ள தொடர்பினைக் கண்டு, அதனை எதிர்காலத்துக்கு நீட்டுகின்றனர். கணித முறையில் குறை காண்பது நம் நோக்கமன்று. அம்முறை அளப்பது எதனை என்பதே நம் வினா. விலை கொடுத்து வாங்கப்பட்ட மின்சாரத்தை அது அளக்கிறது. அதற்குத் ‘தேவை’ என்று பெயரும் சூட்டுகிறது. கடையில் விற்ற அரிசியை நிறுத்துப் பார்த்து, ஊரின் பசி இவ்வளவே என்று தீர்ப்புக் கூறினால் அதனை யாரேனும் ஏற்பரோ?

இது வெறும் சொற்சிலம்பம் என்போர் அண்மைக் காலத்தை எண்ணிப் பார்க்கட்டும். 2022 ஓகஸ்டுக்கு முன், மாதம் முப்பது அலகு பாவித்த ஏழை வீடு ஓர் அலகுக்கு 2.50 ரூபாவும் நிலையான கட்டணமாக 30 ரூபாவும் செலுத்தியது. 2023 பெப்ரவரியில் அவை முறையே 30 ரூபாவாகவும் 400 ரூபாவாகவும் உயர்ந்தன. 105 ரூபாப் பட்டியல் 1,300 ரூபாவாயிற்று, பன்னிரண்டு மடங்கு! பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டது மெய்யே. ஆயின் அதற்கிடையில் நாடெங்கும் இலட்சக்கணக்கான வீடுகளின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. துண்டிக்கப்படாத வீடுகளிலோ, பிள்ளை படிக்கும் விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது என்பது குடும்பத்தின் பொருளாதாரப் பிரச்சினையாயிற்று.

இந்த இருளைத் திட்டத்தின் வரைபடம் எப்படிப் பதிவு செய்யும்? ‘தேவை வீழ்ச்சி’ என்றே பதிவு செய்யும். மின்வெட்டு வேளையில் வழங்கப்படாத மின்சாரத்தை ஈடுசெய்து கணக்கிடும் வழக்கமேனும் உண்டு. வறுமை அணைத்த விளக்குக்கு அத்தகைய ஈடு ஏது? இன்று கொடுக்க இயலாதவனின் இருள் நாளைய திட்டத்தின் அடிப்படை எண்ணாகிறது. குறைந்த எண்ணிலிருந்து குறைந்த திட்டம் பிறக்கிறது. குறைந்த திட்டம் மீண்டும் குறைந்த பாவனையைத் தருகிறது. வறுமைக்கு விஞ்ஞானத்தின் முத்திரை குத்தப்படுவது இவ்வாறே.

அப்படியாயின் எண்ணைப் பெருக்கி எழுதிவிடலாமா? அதுவும் ஏழையின் தலையிலேயே விடியும். மகாராஷ்டிரத்தின் டாபோல் கதையை நாம் மறக்கவியலாது. என்ரான் நிறுவனத்தின் 740 மெகாவாட் நிலையம் 1999 இல் இயங்கத் தொடங்கியது. அதன் விலையுயர்ந்த மின்சாரத்தை மாநில மின்வாரியத்தால் வாங்க முடியாமற் போக, 2001 இல் அது மூடப்பட்டது. ஓங்கிய மதிப்பீடு முதலாளிக்கு ஒப்பந்தம், மக்களுக்குக் கடன். நாம் கோருவது பெரிய எண்ணையன்று, உண்மையான எண்ணை.

உண்மையான எண் ஊர்களிலேதான் கிடைக்கும். நாடு முழுவதற்குமான உச்சவேளை மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையென வகுக்கப்பட்டுள்ளது. நம் ஊர்களிலோ நோன்பு மாதத்தில் ஸஹர் வேளையில், வைகறைக்கு முன்பே, வீடுதோறும் அடுப்பும் விளக்கும் எரிகின்றன. அம்மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னகர்கிறது. மருதமுனையின் தறிகளும், சம்மாந்துறையின் நெல் ஆலைகளும், கடற்றொழிலாளர் நம்பியிருக்கும் ஐஸ் தொழிற்சாலைகளும் தத்தமக்கெனப் பருவங்கள் கொண்டவை. நாட்டுச் சராசரிக்குள் இவை கரைந்து மறைகின்றன.

வழங்கலுக்கும் பருவமுண்டு. இங்கினியாகலை நீர்மின் நிலையம் 1963 முதல் இயங்குகிறது. அதன் வலு 11.25 மெகாவாட். வயலுக்குத் திறக்கப்படும் நீரே அதன் சுழலிகளையும் சுழற்றுகிறது. நெல் விளைவிக்கும் நீரும், அந்நெல்லைக் குற்றும் ஆலையும், ஆலைக்கு வேண்டும் மின்சாரமும் ஒரே நாட்காட்டியைச் சார்ந்திருக்க, அவற்றைச் சேர்த்து எண்ணுவதன்றோ திட்டம்?

நேரத்தை எண்ணாத திட்டத்தின் விளைவை 2025 இல் கண்டோம். பெப்ரவரி 9, ஞாயிறு, நாடே இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்துக் குரங்கின்மீது பழி விழுந்தது. ஆனால் பாவனை குறைந்த விடுமுறைப் பகலில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்ததனால், ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை மின்கட்டமைப்புக்கு இல்லாதிருந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைகளிலுள்ள சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்கள் கேட்கப்பட்டனர். பகலில் வெயிலை வீணாக்குவதும், இரவில் ஏழை விளக்கணைப்பதும் ஒரே நாட்டில்! சேமிப்பு மின்கலங்கள் காலத்தே திட்டமிடப்பட்டிருப்பின் இம்முரண் இத்துணை கூர்மை அடைந்திராது.

2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க வழிவகுத்தது. பெயர்ப்பலகை எதுவாயினும் நம் கோரிக்கைகள் மாறா. ஆங்கிலத்தில் வெளிவரும் அத்தடித்த நூலின் சாரம் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் கைக்கு எட்ட வேண்டும். பிரதேசம் தோறும் தேவை தனியே எண்ணப்பட வேண்டும். விலையால் அணைந்த விளக்குகள் அதில் தனி நிரலாக இடம்பெற வேண்டும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு நெசவாளரையும் மீனவரையும் விவசாயிகளையும் அவர்தம் ஊரிலேயே, அவர்தம் மொழியிலேயே கேட்க வேண்டும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே, அவர்கள் எண்ணும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். எத்தனை வீட்டில் இணைப்பில்லை, எத்தனை வீட்டில் இணைப்பிருந்தும் விளக்கில்லை, எந்தத் தறி எந்த நேரத்தில் நிற்கிறது என்று வீடு வீடாகச் சென்று எழுதுவோம். கணித பாடத்துக்கு அதனினும் நல்ல பயிற்சியில்லை. திட்டக்காரரின் மேசைமேல் அந்த ஏட்டை வைத்து, உங்கள் கணக்கில் இது எங்கே என்று கேட்போம்.