பழைய மெயில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதையொட்டி ஓசூர் சிப்காட்டில் தொடங்கி பர்கூர், போச்சம்பள்ளி, எங்கள் பாரூர் வரைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளில் கணினி மாற்றுகிற வேலை நடக்கிறது. புதுக் கணினி வருகிறது, புது மெயில் புரோகிராம் வருகிறது. கூடவே ஒரு பேச்சும் வருகிறது: “பழைய மெயில் எதுக்குங்க? புதுசுல புதுசா ஆரம்பிச்சுக்கலாம். வேணும்னா ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி வச்சுடறேன், தேவைப்பட்டா பாத்துக்கலாம்.” சர்வீஸ் பையன் சொல்கிறார், கடைக்காரர் சொல்கிறார், அப்பாவிடமிருந்து கம்பெனியை ஏற்றுக்கொண்ட மகனும் சொல்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் இந்தப் பேச்சில் உள்ள ஒவ்வொரு பகுதியும் தவறு. அதனால் நஷ்டப்படுவது பெரிய கம்பெனிகள் இல்லை. அவர்களுக்குச் சட்டப் பிரிவு இருக்கிறது, தனி சர்வர் இருக்கிறது. பத்து மெஷினை வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவருக்கு எழுத்தில் இருக்கிற ஒப்பந்தம் என்றால் அவருடைய மெயில் பெட்டி மட்டும்தான்.

முதலில், பழைய மெயிலால் என்ன பயன் என்ற கேள்வி. எங்கள் பகுதியில் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பொம்மசந்திராவிலோ ஜிகனியிலோ இருக்கிற வாங்குபவர் போனில் பேசுவார். டிராயிங் மெயிலில் வரும். ரேட் மெயிலில் முடிவாகும். மூன்று மாதம் கழித்து ஸ்டீல் விலை ஏறினால் ரேட் ரிவிஷனும் மெயிலில்தான். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டு வேலை எடுக்கிற பட்டறை இங்கே அபூர்வம்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் நமக்காகவே வந்தது. பதிவு செய்த சிறு தொழிலிடம் பொருள் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். இது பலருக்கும் தெரியும். அந்த நாள்கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பொருள் போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் குறை சொல்லவில்லை என்றால், சரக்கை அது வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்; நாள்கணக்கும் அங்கிருந்தே தொடங்கும். “சரக்கு சரியில்லை, அதனால்தான் பணத்தை நிறுத்தினேன்” என்று ஒன்றரை வருடம் கழித்து அவர் சொன்னால், நீங்கள் காட்ட வேண்டியது அந்த 15 நாளின் மெயில்களை. குறை சொல்லி ஒரு வரிகூட வரவில்லை, நடுவில் அடுத்த ஆர்டரே வந்திருக்கிறது என்பதை, அந்த மாதத்து மெயில் ஒன்று விடாமல் இருந்தால்தான் நிரூபிக்க முடியும். வேண்டியதை மட்டும் நாலு மெயில் எடுத்து வைத்திருப்பவர் “வரவில்லை” என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பார்?

வாகன உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. 1980-இல் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் ஓசூருக்கு வந்த நாளிலிருந்து இந்த வட்டாரம் உதிரிபாகத்தில் பிழைக்கிறது. இப்போது போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் இருக்கிறது. இந்தத் துறைக்கான தர விதியான ஐஏடிஎஃப் 16949 என்ன கேட்கிறது? பாகத்துக்குக் கொடுத்த ஒப்புதல், டூலிங் பதிவு, பர்ச்சேஸ் ஆர்டர், அதில் வந்த திருத்தம் எல்லாவற்றையும், அந்தப் பாகம் உற்பத்தியிலோ சர்வீஸிலோ இருக்கும் காலம் முழுக்கவும் அதற்கு மேல் ஒரு காலண்டர் ஆண்டும் வைத்திருக்கச் சொல்கிறது. ஒரு பிராக்கெட் பதினைந்து வருடம் ஓடினால் பதினாறு வருடத்துப் பதிவு வேண்டும். டிராயிங் ஃபைல் தனியாகக் கிடைத்து என்ன பயன்? “பி ரிவிஷனை நிறுத்துங்கள், இனிமேல் சி” என்று சொன்ன மெயில் எந்தத் தேதியில் வந்தது என்பதுதான் டெபிட் நோட்டைத் திருப்பி அனுப்ப உதவும். ஜிஎஸ்டிக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் போதும் என்று ஆடிட்டர் சொல்வது கணக்குப் புத்தகத்துக்குப் பொருந்தும். அதை வைத்துக்கொண்டு மெயிலின் ஆயுளை அளக்க முடியாது.

மெயிலில் பேசியதெல்லாம் ஒப்பந்தமாகுமா என்று சிலர் இன்னமும் கேட்கிறார்கள். 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. துபாயைச் சேர்ந்த டிரைமெக்ஸ் என்ற நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் நடந்த வழக்கு அது. ஆஸ்திரேலிய பாக்சைட் வாங்குவது பற்றி 2007 அக்டோபரில் மெயிலில் பேசி முடித்தார்கள். முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தாகவில்லை. கையெழுத்து இல்லாததால் மட்டும் ஒப்பந்தம் இல்லை என்றாகிவிடாது, மெயிலில் கேட்டதும் ஒப்புக்கொண்டதும் தெளிவாக இருக்கிறது என்று தீர்ப்பளித்தவர் நீதிபதி பி.சதாசிவம், ஈரோடு மாவட்டத்துக்காரர். கப்பல் கப்பலாக வரும் பாக்சைட்டுக்குச் செல்லுபடியாவது, காவேரிப்பட்டணத்திலிருந்து கன்டெய்னரில் போகும் மாம்பழக் கூழுக்கும் செல்லுபடியாகும்.

அடுத்தது, “ஃபோல்டரைக் காப்பி பண்ணிட்டேன்.” எந்த ஃபோல்டரை? பெரும்பாலும் டெஸ்க்டாப்பும் மை டாக்குமென்ட்ஸும்தான் காப்பியாகின்றன. மெயில் அங்கே இருப்பது அரிது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தன் மெயிலை டிபிஎக்ஸ் என்ற கோப்புகளாக, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைத்த ஃபோல்டருக்குள் வைத்தது. பின்னால் வந்த விண்டோஸ் லைவ் மெயிலும் தண்டர்பேர்டும் வைப்பது மறைந்த ‘ஆப்டேட்டா’ ஃபோல்டருக்குள். அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு பழைய பதிப்புகளில் மறைந்த இடத்திலும், 2010 பதிப்பு முதல் டாக்குமென்ட்ஸுக்குள்ளும் இருக்கும். தேடாமல் காப்பி செய்தவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் இன்வாய்ஸும் போட்டோவும்தான்.

சரியான கோப்பையே எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை எதில் திறப்பது? அவுட்லுக் எக்ஸ்பிரஸ் எக்ஸ்பியோடு போனது. விஸ்டாவிலேயே அது கிடையாது. விண்டோஸ் லைவ் மெயிலை 2017 ஜனவரியில் கைவிட்டார்கள். விண்டோஸ் 10-உடன் வந்த மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-இல் முடிந்தது. இன்றைய அவுட்லுக் டிபிஎக்ஸை நேரடியாகத் திறக்காது. அவுட்லுக்கிலேயே ஓஎஸ்டி, பிஎஸ்டி என்று இரண்டு வகைக் கோப்பு உண்டு. பிஎஸ்டியை வேறு கணினியில் திறக்கலாம். ஓஎஸ்டி ஒரு மெயில் கணக்கோடு கட்டிப்போட்டது. கணக்கு போய்விட்டால் அந்தக் கோப்பை அவுட்லுக் திறக்காது. ஹார்ட் டிஸ்கில் ஓஎஸ்டி மட்டும் இருப்பதை “பேக்கப் இருக்கு” என்று நம்பியிருப்பவர்கள் உடனே அதைச் சரிபார்க்க வேண்டும்.

இன்னும் பழைய யூடோரா என்ற மெயில் புரோகிராமில் வேறு சிக்கல். இணைப்பாக வரும் டிராயிங்கை அது மெயிலிலிருந்து பிரித்துத் தனி ஃபோல்டரில் போட்டுவிடும். மெயில் கோப்பை மட்டும் எடுத்தால் கடிதம் இருக்கும், டிராயிங் இருக்காது.

“எல்லாம் கிளவுட்ல இருக்கு” என்பது மூன்றாவது வாதம். எந்தக் கணக்கு, எந்த முறை என்று கேட்டால் பதில் மாறிவிடும். பாப்3 முறையில் இழுத்த மெயில், வேறு மாதிரி அமைக்காவிட்டால், இறக்கியதும் சர்வரிலிருந்து அழிந்துவிடும். டயல்-அப் காலத்தில் சர்வரில் இடம் குறைவு. அதனால் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஜிமெயில் ஒரு ஜிபி தருகிறேன் என்று வந்ததே 2004 ஏப்ரலில். அதற்கு முந்தைய கடிதங்களுக்கு உங்கள் மேசைக் கணினியை விட்டால் வேறு இருப்பிடம் இல்லை. கூகுளும் இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் பல்லாயிரம் ஜிமெயில் பெட்டிகள் காலியாகத் தெரிந்தபோது, கூகுள் அவற்றை மீட்டது காந்த நாடாவில் எடுத்துவைத்திருந்த தனிப் பிரதியிலிருந்து. கிளவுட் நடத்துகிறவரே கிளவுடுக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருந்தார்.

புது வெர்ஷன் தானாகவே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும் என்பவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குப் போக வழி இருக்கும். ஐந்து பதிப்பைத் தாண்டிக் குதிக்கப் பல நேரம் வழி இருக்காது. பழையதையும் புதியதையும் ஒரே ஜிமெயில் கணக்கில் சேர்த்து, அதன் வழியாக மெயிலைத் தள்ளலாமே என்றால், எக்ஸ்பியின் அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கு டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை தெரியாது. அந்த முறையைக் கட்டாயமாகக் கேட்கும் சர்வர்கள் அவுட்லுக் எக்ஸ்பிரஸை உள்ளேயே விடாது. அவுட்லுக் 97 முதல் 2002 வரையிலான பதிப்புகள் உண்டாக்கிய பிஎஸ்டி கோப்புக்கு 2 ஜிபி உச்சவரம்பு. 2003-இல் புது வடிவம் வந்தாலும் பழைய கோப்பு தானாக அந்த வடிவத்துக்கு மாறாது. புரோகிராமை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய கோப்பிலேயே ஓட்டியவர்கள், அந்த வரம்பை முட்டியதும் கோப்பு பழுதாகி நின்றார்கள்.

தமிழுக்கு இதில் தனி ஆபத்து. அந்தப் பழைய பிஎஸ்டி வடிவம் யூனிகோடு அறியாதது. தமிழுக்கு விண்டோஸில் பழைய வகைக் குறிமுறைப் பக்கமும் கிடையாது. ஆகவே யூனிகோடு தமிழில் வந்த பெயரும் பொருள் வரியும் அதற்குள் நுழையும்போதே வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். அவை மீளாது. இதற்கு நேர்மாறானது டிஸ்கி, டேப், பாமினி எழுத்துருக்களில் எழுதிய கடிதங்களின் கதை. புதுப் புரோகிராமில் திறந்தால் அவை புரியாத ரோமன் கிறுக்கலாகத் தெரியும். “கரப்ட் ஆயிடுச்சு” என்று அழித்துவிடுகிறார்கள். அவை கெடவில்லை; மூலக் கோப்பு இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரியான இலவசக் கருவியில் போட்டு யூனிகோடாக்கிவிடலாம். எங்கள் எல்லையில் நுடியிலும் பரஹாவிலும் அடித்த கன்னடக் கடிதங்களுக்கும் இதே நிலைதான். நம் வணிகக் கடிதம் ஆங்கிலத்தில் போகும் என்பது உண்மை. ஆனால் கூலித் தகராறு, இடத் தகராறு, பங்காளிக் கணக்கு இதெல்லாம் தாய்மொழியில்தான் எழுதப்பட்டிருக்கும்.

“முக்கியமானதை பிரிண்ட் எடுத்தாச்சு” என்பதும் காதில் விழுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு இரண்டு பகுதிச் சான்றிதழைக் கேட்கிறது. கோப்புக்குக் கைரேகை மாதிரியான ஹேஷ் மதிப்பை அதில் எழுத வேண்டும். ஒரு பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். காகிதத்துக்கு ஹேஷ் மதிப்பு ஏது? தனக்குத் தானே ஃபார்வர்டு செய்துவைத்த மெயிலில், எந்தச் சர்வர் வழியாக எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்லும் தலைப்பு வரிகள் புதிதாக உருவாகிவிடும். அனுப்பியவர் இடத்தில் உங்கள் பெயரே நிற்கும்.

அவர்கள் சொல்வதில் நியாயம் ஒன்று உண்டு. விளம்பர மெயிலையும் பத்துத் தடவை சுற்றிவந்த பண்டிகை வாழ்த்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் அதைப் பொறுக்கி எடுக்க வேண்டியது மாற்றிய பிறகுதான். மாற்றுகிற நாளில், அவசரத்தில், எது வேண்டும் எது வேண்டாம் என்று சர்வீஸ் பையன் முடிவு செய்யக் கூடாது.

செய்ய வேண்டியது கடினமில்லை. பழைய புரோகிராம் திறக்கும்போதே மெயிலை ஈஎம்எல் அல்லது எம்பாக்ஸ் வடிவத்தில் வெளியே எடுங்கள். இவை சாதாரண உரைக் கோப்புகள். எந்தக் கம்பெனி கடையை மூடினாலும் படிக்கலாம். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் மெயில்களைத் தேர்ந்தெடுத்து ஒரு ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டாலே ஈஎம்எல் ஆகிவிடும். அவுட்லுக் பிஎஸ்டி என்றால், குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கும் கிளாசிக் அவுட்லுக்கில் திறந்துகொள்ளுங்கள். புது அவுட்லுக்கை நம்பி இறங்காதீர்கள். முகவரிப் பட்டியலைத் தனியாக எடுங்கள். மாற்றிய பின் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போகிறதா, மிகப் பழைய மெயிலின் தேதி மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புகள் திறக்கின்றனவா, தமிழ்க் கடிதம் ஒன்றாவது படிக்க வருகிறதா என்றும் பாருங்கள். ஒரு பிரதி பட்டறைக்கு வெளியே இருக்கட்டும்.

இதையெல்லாம் பார்த்து முடிக்கும் வரை பழைய கணினியை எடைக்குப் போடாதீர்கள், ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்ய விடாதீர்கள். “எதுக்குங்க இதெல்லாம்” என்று கேட்பவரிடம், வராத பாக்கி ஒன்றின் பெயரைச் சொல்லி, அதற்கான மெயிலைப் புதுக் கணினியில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் எடுத்துக் காட்டிய பிறகு வேலைக்கான கூலியைக் கொடுங்கள்.