குமிழிக்குள் யார் குரல்?

ஓவியத்துக்குப் பதில் போட்டோக்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, வாயருகே பேச்சுக் குமிழி வைத்துச் சொல்லும் கதைகளை இத்தாலிக்காரர்கள் 1947 முதல் வார இதழ்களில் போட்டார்கள். சோபியா லாரன் சினிமாவில் பெயரெடுக்கும் முன் இதில் நடித்திருக்கிறார். உழைக்கும் வீட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். மட்டமான சரக்கு என்று பாதிரிமாரும் திட்டினார்கள், கம்யூனிஸ்டுகளும் திட்டினார்கள். 1950களில் அதே கம்யூனிஸ்ட் கட்சி பிரச்சாரத்துக்குப் போட்டோ கதை அச்சடித்தது. ஜனங்க படிக்கிறதை எவ்வளவு நாள்தான் மட்டம்னு சொல்லிட்டிருக்க முடியும்?

அந்தக் குமிழிக்கு அங்கே பெயர் 'சின்னப் புகை'. எண்ணூரில் புகைக்குப் பஞ்சமில்லை. குமிழிக்குத்தான் பஞ்சம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. மீனவர்கள் மக்கிலும் பக்கெட்டிலும் அள்ளினார்கள். எண்ணெய் வழியும் கைகள் பத்திரிகைகளில் வந்தன. கைக்குச் சொந்தக்காரர் என்ன சொன்னார்? கீழே 'பாதிக்கப்பட்ட மீனவர்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். வங்கியில் கடன் விண்ணப்பத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் போட்டோக்களைத் தினமும் பார்க்கிறவன் நான். அதிலும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கணும்.

2011இல் வந்த 'பீமாயணம்' நூலில் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் சாதி விஷம் கக்குகிறவர்களின் குமிழிக்குத் தேள் கொடுக்கு வரைந்தார்கள். ஓவியத்துக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. போட்டோவில் இருப்பது உயிரோடு இருக்கிற ஒருத்தர் முகம். அதன் வாயில் நம் வசனத்தைத் திணித்தால், காலங்காலமாக நமக்காக மற்றவன் பேசிய அதே வேலைதான். திணிப்பவன் தோழனாக இருந்தாலும்.

தோழர்களே, அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கம் போட்டோ கதைக்கு ஒதுக்குகிறோம். எடுக்கிறவர் அந்த ஊர்ப் பிள்ளையாக இருக்கட்டும். புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார் தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா பழக்கியிருக்கிறார்; முடியாத காரியமில்லை. ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணின் படமென்றால், குமிழியில் அவர் சொன்னது மட்டும், சொன்ன பேச்சிலேயே. இலக்கணம் திருத்தாதீங்க. அச்சுக்கு முன் படித்துக் காட்டணும், வேணாம்னா எடுத்துடணும்.

ஒரு சிக்கல். ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறவர் முகம் காட்டிப் பேசினால் மறுநாளே கேட்டில் நிறுத்திடுவான். அவர் கட்டத்தில் மட்டும் ஓவியம் போடலாம். பக்கம் ஒட்டுப்போட்டமாதிரி தெரியும். தெரியட்டும்.

போனில் எடுத்த படம் போதும். கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும், வண்ணத்துக்குக் காசில்லை.