கட்டாயத் தொண்டா? வெட்டி வேலையா?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வருஷத்திற்கு இத்தனை மணி நேரம் சமூகத் தொண்டு செய்தே தீர வேண்டும் என்று சட்டம் செய்ய வேண்டுமென்பதாகச் சில கனவான்கள் வெகு நாளாகப் பேசி வருகிறார்கள். 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரிக் கமிஷனும் படிப்பின் எல்லாப் படிகளிலும் சமூகத் தொண்டும் தேசத் தொண்டும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்றே சிபார்சு செய்தது. இப்படிச் செய்தால் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வரும், உழைப்பின் பெருமை தெரியும், ஏழை பணக்காரன் என்கிற வித்தியாசம் ஒழியும் என்கிறார்கள்.

கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. தொண்டு வேண்டாம் என்று எவன் சொல்லுவான்? ஆனால் இனிப்பான வார்த்தையைக் கேட்டதும் தலையாட்டுவது பகுத்தறிவுள்ளவன் வேலையல்ல. எந்த வேலை? அதை யார் செய்வது? யார் ஏவுவது? அதனால் லாபம் அடைகிறவன் யார்? இந்த நான்கையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மேலூர்ப் பக்கத்தில் ஒரு கூட்டம் முடிந்து நாம் புறப்படும்போது ஒரு தாய் வந்து நின்றார். தெருக்கூட்டும் வேலை செய்கிறவர். அவர் பிள்ளை படிக்கும் பள்ளியில் சேவை நாள் என்று ஒரு நாள் நடந்ததாம். ஊர்ப் பெரிய வீட்டுப் பையன் மரக்கன்று நட்டான். அதைப் படம் பிடித்தார்கள். கடைக்காரர் வீட்டுப் பெண் வரவேற்புப் பத்திரம் வாசித்தாள். இந்தத் தாயின் பிள்ளைக்குச் சாக்கடை ஓரமும் விளக்கமாறும் கிடைத்தன. “ஐயா, நான் கூட்டுறேன், எங்க ஆத்தாளும் கூட்டுனா. எம்புள்ளை கூட்டக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துல விட்டேன். அங்கயும் அதையே கையில குடுத்தா நான் எங்க போறது?” என்றார். உபாத்தியாயர் ஜாதி பார்த்துக் கொடுத்தாரா என்று கேட்டோம். “அவரு ஒண்ணுஞ் சொல்லலைங்க. பழக்கமானவங்க எடுத்துக்குங்கன்னு சொன்னாரு” என்றார்.

தோழர்களே! “பழக்கமானவர்கள்” என்ற அந்த ஒரு வார்த்தையில் மனுதர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறதா இல்லையா என்று கேட்கிறோம்.

ஊருக்காகக் கூலியில்லாமல் உழைக்கச் செய்வது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் “வெட்டி” என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு அது பெயர். இன்றைக்குப் பயனில்லாத காரியத்தை நாம் “வெட்டி வேலை” என்கிறோம். ஆனால் அது பயனில்லாமற்போனது செய்தவனுக்குத்தான், செய்வித்தவனுக்கு அல்ல.

வெள்ளைக்காரன் வந்தும் இது ஒழியவில்லை. 1858-ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தின்படி, கண்மாய்க் கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து ஊர்களிலுள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த திடகாத்திரமான ஆண்களை வேலைக்கு அழைக்கலாம். கவனியுங்கள்: உழைக்கும் வகுப்பைச் சேர்ந்தவர்களை. கண்மாய்த் தண்ணீரில் விளைந்த நெல் யார் பத்தாயத்திற்குப் போயிற்று? உடைந்த கரையில் மண் சுமந்தது யார் தலை? மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்ப் பாசனத்துக் குடியானவனுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்களை விட்டுப் பிள்ளைகளிடம் வந்ததும் நம் நாட்டில் நடந்ததுதான். 1953-ல் திரு. ராஜகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாயிருந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஐந்து மணி நேரப் படிப்பு மூன்று மணி நேரமாயிற்று. மற்ற வேளையில் பையன் தகப்பன் தொழிலைப் பழக வேண்டும். பெண் தாயிடம் வீட்டு வேலை பழக வேண்டும். தகப்பனுக்கு நிலையான தொழில் இல்லையென்றால் வேறொரு விவசாயியிடமோ தொழிலாளியிடமோ பிள்ளையை விட வேண்டும். இதோடு பிள்ளைகள் ஊர்ப் பொதுவேலையிலும் ஈடுபட வேண்டுமென்று அந்தத் திட்டத்திலே இருந்தது. ஆக, படிப்பைக் குறைப்பதும், குலத்தொழிலைப் பழக்குவதும், சமூகத் தொண்டும் ஒரே மூட்டையில் வந்தன. சலவைத் தொழிலாளி மகன் வைகைத் துறைக்கும், சவரத் தொழிலாளி மகன் கத்திப் பெட்டிக்கும் போக, வக்கீல் மகனும் குமாஸ்தா மகனும் பட்டணத்துப் பள்ளியில் முழு நாளும் படித்துக்கொண்டிருப்பார்கள். ஏனென்றால் திட்டம் கிராமத்திற்குத்தான், பட்டணத்திற்கு அல்ல!

நாடு கொதித்தது. திராவிடர் கழகமும் தி.மு. கழகமும் கிளர்ச்சி செய்தன. காங்கிரசுக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் பதவியை விட்டு இறங்கினார். காமராசர் முதன்மந்திரியானார். மறுமாதமே திட்டம் கைவிடப்பட்டது. அன்றைக்கு அது நிலைத்திருந்தால் இன்றைக்கு டாக்டராகவும் இஞ்சினியராகவும் இருக்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அரைநாள் படிப்போடு நின்றிருப்பார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

அது பழைய கதை, இப்போது யார் ஜாதி பார்க்கிறார்கள் என்று சில நண்பர்கள் கேட்பார்கள். 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு கழிவறையைச் சுத்தம் செய்வித்ததாகப் புகார் எழுந்து, தலைமையாசிரியை கைதானது பத்திரிகைகளில் வந்த சேதி. மனித மலத்தை மனிதன் அள்ளக் கூடாது என்று 2013-லும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்த நாடு இது. இப்படிப்பட்ட நாட்டில் “எல்லாப் பிள்ளைகளும் தொண்டு செய்யட்டும்” என்று ஓர் உத்தரவு போட்டால், அந்த உத்தரவு மேலிருந்து கீழே வரும்போது எந்தப் பிள்ளை கையில் பேனாவாகவும் எந்தப் பிள்ளை கையில் விளக்கமாறாகவும் போய்ச் சேரும் என்பதற்கு ஜோசியம் வேண்டுமா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில இடங்களில் கோயில் பிராகாரத்தைப் பெருக்குவதும் சமூகத் தொண்டுக் கணக்கில் சேருகிறது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8-ந் தேதிக்கு முன் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் காலெடுத்து வைக்க முடியாது. அன்று சாமி கும்பிடக்கூட உள்ளே விடாத கோயில்களில், இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பெருக்குவதற்கு உள்ளே போகலாமாம்! இது சாமிக்குக் கைங்கரியமா, சமூகத்திற்குத் தொண்டா? சாமி நம்பிக்கையுள்ள பெரியவர்கள் தங்கள் கையால் பெருக்கிக்கொள்ளட்டும். பரீட்சைக்குப் பயந்த பிள்ளையை அதற்கு இழுப்பானேன்?

வெளிநாட்டில் செய்யவில்லையா என்பது அடுத்த கேள்வி. செய்கிறார்கள். அமெரிக்காவில் மேரிலாண்ட் ராஜ்யம் 1992-ல் 75 மணி நேரத் தொண்டைக் கட்டாயமாக்கியது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் 1999 முதல் 40 மணி நேரம் வைத்தது. ஆனால் அமெரிக்காவிலேயே பெத்லகேம் என்ற ஊர்ப் பள்ளிகளில் 60 மணி நேரம் வைத்தபோது, இது அடிமைத்தனத்தைத் தடுக்கும் சட்டத்திற்கு விரோதம் என்று பெற்றோர்கள் வழக்காடினார்கள். 1993-ல் மேல்கோர்ட்டில் தோற்றார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் கேட்கத் துணிந்தார்களே, அதுதான் சுயமரியாதை. ஜப்பானில் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே துடைக்கிறார்கள் என்றும் சொல்லுவார்கள். வாஸ்தவம். அங்கே எல்லாப் பிள்ளைகளும் முறைபோட்டுத் துடைக்கிறார்கள். அதை நாம் வரவேற்கிறோம். இங்கே அந்த முறை முதலில் வரட்டும், பிறகு ஜப்பானைப் பற்றிப் பேசலாம்.

நமது அரசியல் சட்டத்தைப் பாருங்கள். அதன் 23-வது பிரிவு கூலியில்லாக் கட்டாய வேலையைக் குற்றமென்கிறது. பொதுக் காரியத்திற்காகச் சர்க்கார் கட்டாய சேவை விதிக்கலாம் என்று ஒரு விலக்கும் வைத்து, ஆனால் அதில் மதம், இனம், ஜாதி, வர்க்கம் என்ற காரணத்தால் மட்டும் பேதம் காட்டக் கூடாது என்று ஒரு பூட்டையும் போட்டிருக்கிறது. எழுதியவர்களுக்கு இந்த நாட்டின் யோக்கியதை தெரிந்திருக்கிறது, அதனால்தான் பூட்டினார்கள். பூட்டு ஏட்டில் இருக்கிறது. சாவியோ பள்ளிக்கூடத்தில் “பழக்கமானவர்களைத்” தேடுகிறவரிடம் இருக்கிறது.

அப்படியானால் தொண்டே வேண்டாம் என்கிறோமா? இல்லை. 1969 செப்டம்பர் 24-ல் ஆரம்பமான நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருஷத்திற்கு 240 மணி நேரம் உழைக்க மாணவர்கள் தாங்களாகவே பெயர் கொடுத்துச் சேருவதென்றே ஏற்பாடு. ரத்தம் கொடுக்கிறார்கள், எழுதப்படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்களைப் பாராட்டுகிறோம். மனம் வந்து செய்தால் தொண்டு; மார்க்குக்குப் பயந்து செய்தால் வெட்டி.

கட்டாயந்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு நாம் நான்கு நிபந்தனைகள் சொல்லுகிறோம். முதலாவது, இன்ன வேலை இன்ன பிள்ளைக்கு என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டே தீர்மானிக்க வேண்டும். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு விளக்கமாறு வந்தால் மாற்றக் கூடாது. இரண்டாவது, கழிவறையும் சாக்கடையும் சீட்டிலேயே இருக்கக் கூடாது. அதற்கு ஆளும் இயந்திரமும் வைத்து, ஆளுக்குச் சரியான சம்பளம் கொடுக்க வேண்டியது சர்க்கார் கடமை. மூன்றாவது, படிப்பு நேரத்தில் ஒரு மணிகூடத் தொடக் கூடாது. நான்காவது, பிள்ளைகள் பெருக்கும் அன்று தலைமையாசிரியரும் கல்வி அதிகாரியும் பக்கத்தில் நின்று பெருக்க வேண்டும்.

இந்த நான்கையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட எந்தக் கனவானாவது தயாரா? தயாரானால் நாமும் நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறோம். இல்லையென்றால் பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றுதான்: சேவை நாள் என்று சீட்டு வந்தால் உங்கள் பிள்ளைக்கு என்ன வேலை, பக்கத்துப் பிள்ளைக்கு என்ன வேலை என்று பள்ளிக்கே போய்க் கேளுங்கள். நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். அந்த மேலூர்ப் பக்கத்துத் தாய் கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறவரை கேட்டுக்கொண்டேயிருங்கள்.