தயிர்ச்சோற்று நாயும் முயலும்

நாயையும் முயலையும் குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்த்துவிட்டால் பிறகு பயமில்லை என்பது முயல் வளர்க்கும் வீடுகளில் பரவலாக நிலவும் நம்பிக்கை. திருவண்ணாமலையில் அதற்குத் துணையாக ரமணாசிரமத்தைக் காட்டுவதும் எளிது. பசு லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி, ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகள் அங்கே இருக்கின்றன. மானும் நாயும் வாழ்ந்த ஊரில் முயலும் நாயும் வாழாதா என்பது வாதம்.

ஆனால் ஆசிரமம் என்பது ஆள் நடமாட்டம் ஓயாத, மிரண்ட மான் ஓடித் தப்ப இடமுள்ள வளாகம். பூட்டிய வீட்டின் பின்கட்டில் முயலுக்கு அந்த இரண்டுமே இல்லை. தவிர, ஆசிரமத்தை ஒட்டிய மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய காட்டில் புள்ளிமான்கள் தெருநாய்க்கடியால் சாவதும் இந்த ஊர்ச் செய்திதான்.

தயிர்ச்சோறு தின்று வளர்ந்த நாய்க்கு வேட்டைக் குணம் ஏது என்பது அடுத்த வாதம். நாய் துரத்துவது பசியால் மட்டும் அல்ல. உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது என்ற வரிசை அதன் பிறவியில் உள்ளது. சில இனங்களில் அது மங்கியிருக்கும், சிலவற்றில் கூர்ந்திருக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்குப் பேர்போன நாட்டு நாய்கள். அவற்றோடு முயலைச் சேர்த்துப் பழக்க முயல்வது வீண் துணிச்சல்.

குட்டியிலிருந்து வளர்ப்பது உதவும் என்பதில் பொய்யில்லை. ஆனால் துரத்தும் வேகம் பல நாய்களில் பருவம் வரும்போதுதான் தலைகாட்டும். அன்பாகவே விளையாடினாலும் ஆபத்து குறைவதில்லை. முயலின் எலும்பு மெலிது, பின்காலோ வலுவானது. நாய் காலால் அமுக்க, முயல் உதறி எழும் ஒரே உதையில் அதன் முதுகெலும்பு முறிந்துபோகலாம்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, நாய் முகரும்போது முயல் ஆடாமல் அசையாமல் இருப்பதை நட்பு என்று எண்ணுவது. கண் பிதுங்க, காது முதுகோடு ஒட்டிக்கிடக்க, மூக்குத் துடிப்பும் நின்றிருந்தால் அது உறைந்துபோன முயல். பயம் தெளிந்த முயல் நாயின் எதிரிலேயே புல் தின்னும், முகம் கழுவும், பக்கவாட்டில் சரிந்து படுக்கும். பயத்தில் தீனியை நிறுத்தி, அரை நாள் புழுக்கையும் போடாவிட்டால் குடல் இயக்கமே நின்றுபோயிருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

நேராக விட்டுவிட்டால் தானே பழகும் என்பதும் தவறு. முதலில் தனித்தனி அறை. ஒன்றின் படுக்கைத் துணியை மற்றதன் அருகில் போட்டு வாசனையைப் பழக்க வேண்டும். பிறகு கம்பித் தடுப்பு. கோழிவலையை நாய் பிய்த்துவிடும், பற்றவைத்த கம்பிவலையே தாங்கும். வாயை மூடி, ஒரு முன்காலைத் தூக்கி, வால் விறைத்து நாய் உற்றுப் பார்த்தால் தூரத்தைக் கூட்ட வேண்டும். பார்வையைத் திருப்பிக்கொண்டால் தீனி கொடுக்கலாம். இது வாரக்கணக்கில் நடக்கும். அதன் பின்னரே, நாயை வாரில் பிடித்தபடி ஒரே அறை, அதுவும் முயல் புகுந்துகொள்ள இரு வாசல் உள்ள பெட்டியோடு. ஆள் இல்லாத நேரத்தில் எத்தனை வருடப் பழக்கம் இருந்தாலும் இரண்டையும் பிரித்து வைப்பதே முறை.

கடித்தால்தானே ஆபத்து என்பாரும் உண்டு. நாயின் உண்ணிக்குக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு நஞ்சு. அதைப் போட்ட நாயோடு முயல் ஒட்டிப் படுப்பதும், அதன் ரோமத்தை நக்குவதும் கூடாது. சத்தமும் முயலை மிரட்டும். பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் கிரிவலக் கூட்டத்தின் இரைச்சலில் வீட்டு நாய் விடிய விடியக் குரைக்கும். அந்த நாட்களில் முயல் கூண்டு நாய் எட்டாத உள் அறையில், கதவு சாத்தி இருக்க வேண்டும்.