கடற்கரைக்கும் மாதம் உண்டு

இலங்கைக்கு உல்லாசப் பயணம் போகிற நண்பர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அங்கே எந்தக் கடற்கரை சார் ரொம்ப நல்லது?" என்பார்கள். "எந்த மாதம் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால் அவர்கள் முகம் சுருங்கிவிடுகிறது. மாதத்துக்கும் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். சம்பந்தமே அதுதான் என்பது என் கட்சி.

"பத்துச் சிறந்த கடற்கரைகள்" என்று பட்டியல் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மிரிஸ்ஸ, உனவட்டுன, ஹிக்கடுவ என்று வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் படங்கள். சாய்ந்த தென்னை, கண்ணாடி போன்ற நீர். படம் பொய்யில்லை. ஆனால் அதில் தேதி இல்லை. ஜனவரியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஜூன் மாதத்துக்கு டிக்கெட் வாங்குகிறவரை என்னவென்று சொல்வது? தை மாதத்து வயலைப் பார்த்துவிட்டு, சித்திரையில் அறுவடைக்கு அரிவாளோடு போகிறவரை என்ன சொல்வோமோ, அதைத்தான் சொல்ல வேண்டும்.

விஷயம் எளிமையானது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் நேராக வந்து மோதுகிறது. கடல் கொந்தளிக்கிறது, நீர் கலங்குகிறது. அந்தக் காற்றின் மழையை நடு மலைநாடு வாங்கிக்கொள்கிறது. அங்கே பிதுருதலாகல மலை மட்டுமே 2,524 மீட்டர். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிற காற்று காய்ந்த காற்று. மட்டக்களப்புப் பக்கத்தில் அதைக் கச்சான் என்பார்கள். அப்போது திருகோணமலைப் பக்கத்துக் கடல் குளம் போல் கிடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லாம் தலைகீழ். வடகிழக்குக் காற்றும் மழையும் கிழக்குக் கரைக்கு. அமைதி தெற்குக் கரைக்கு.

நம் ஊர்க் குடும்பங்கள் பெரும்பாலும் எப்போது கிளம்புகின்றன? பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் மே மாதத்தில். அதாவது தெற்குக் கரையில் கடல் கெடத் தொடங்குகிற சமயத்தில். போகிற இடமோ தெற்குக் கரை! அந்த மாதங்களில் அங்கே ஹோட்டல் அறை மலிவு என்று மகிழ்ந்துபோகிறார்கள். மலிவுக்குக் காரணம் ஜன்னலைத் திறந்தால் இரைகிறது.

இந்தச் சூட்சுமம் அந்தத் தீவின் மீனவர்களுக்குப் புதிதல்ல. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களில் பலர், தென்மேற்குக் காற்று தொடங்கியதும் வலையையும் படகையும் எடுத்துக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய் வாடி போட்டுத் தங்குவார்கள். காற்று மாறினால் ஊர் திரும்புவார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிற காரியம். கடலில் பிழைக்கிறவன் விட்டுப் போகிற கரைக்கு, கடலைப் பார்த்துப் பழகாதவன் பெண்டு பிள்ளைகளோடு போய் இறங்குகிறான். இதற்குப் பெயர் உல்லாசம்!

"அப்படியானால் தெற்குக் கரைக்கு மட்டும் எப்படி இத்தனை புகழ்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விமான நிலையம் மேற்கில் இருக்கிறது. கொழும்பிலிருந்து காலிக்கு 2011 முதல் அதிவேகச் சாலை உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், 1983 முதல் 2009 வரை நடந்த போர். அந்த இருபத்தாறு ஆண்டுகளில் வடக்கும் கிழக்கும் எத்தனை உயிர்களை இழந்தன! அங்கே விருந்தாளியாக யார் போவார்கள்? அந்தக் காலம் முழுவதும் ஹோட்டல்களும் படங்களும் பெயரும் மேற்கிலும் தெற்கிலுமே சேர்ந்தன. ஆகவே பட்டியலில் பாதி, மணலின் தரத்தைச் சொல்வதில்லை. ஒரு போரின் வரைபடத்தைச் சொல்கிறது.

"நாங்கள் கடலில் இறங்கப் போவதில்லை, மணலில் உட்காரத்தான்" என்பவர்களும் உண்டு. நீங்கள் உட்காருவீர்கள், உங்கள் பத்து வயதுப் பையன் உட்காருவானா? கரைக்கு அலைகள் தள்ளிய நீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல் திட்டில் இடைவெளி உள்ள இடத்தில் அது வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. கரையிலிருந்து பார்த்தால் அதுதான் அமைதியான இடம்! "அங்கே போய்க் குளிடா" என்று அப்பாவே கை காட்டுவார். அதில் சிக்கினவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுத்தான் களைத்து மூழ்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகவேண்டும் என்பதைப் பட்டியல்காரர் எவரும் படத்தின் கீழே அச்சிடுவதில்லை.

தெற்குக் கரை மட்டம், கிழக்குக் கரை உயர்வு என்று நான் சொல்ல வரவில்லை. ஜனவரியில் கேட்டால் நானே மிரிஸ்ஸவுக்குப் போங்கள் என்பேன். கிழக்கிலும் எல்லாக் கரையும் ஒன்றல்ல. ஜூலையில் பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவுதான், குழந்தைகளுக்கு ஏற்றது. அதே ஜூலையில், தெற்கே அறுகம்பையில் அலைமேல் பலகை விட்டு விளையாடுகிறவர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். அவர்கள் தேடி வருகிற அலை உங்கள் குழந்தைக்கு எமன். நிலாவெளி என்றும் பாசிக்குடா என்றும் பெயர் வைத்தவர்கள் விளம்பரம் எழுதவில்லை. குடா என்றால் கரை அணைத்துக்கொண்ட கடல். பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது.

ஆகவே நல்ல கடற்கரை எது என்று கேட்காதீர்கள். எந்த மாதத்தில், யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். பட்டியலை மூடிவிட்டுக் காற்றின் திசையைப் பாருங்கள். போய்ச் சேர்ந்த பிறகு, படகுகளையெல்லாம் மேட்டில் ஏற்றி வைத்துவிட்டு மீனவர்கள் சும்மா இருக்கிற கரையாக அது இருந்தால், குழந்தையின் கையை விடாதீர்கள். அறைக்குக் கொடுத்த பணம் போனால் போகட்டும்.