காசு கொடுக்க முன் 1954

தோழர்களே, மூதூரானாலும் மலையகமானாலும் பிறப்புச் சான்றிதழுக்கும் காணிப் பத்திரத்துக்கும் அலைகிற நம்மவரிடம் சில கந்தோர்களில் “தேத்தண்ணிக் காசு” கேட்கிறார்கள். ஒரு நாள் அலைந்தால் ஒரு பேர் போச்சு. அந்த அவசரம் தெரிந்துதான் கேட்கிறார்கள்.

கொடுத்தபின் நாம் வாயை மூடிக்கொள்கிறோம், கொடுத்ததும் குற்றம் என்ற பயத்தில். சட்டப்படி அது குற்றம்தான். ஆகவே கொடுக்க முன் சொல்லுங்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. (இலஞ்சச் சட்டம் வந்த ஆண்டும் அதுவே, மறக்காது.) யார், எங்கே, எவ்வளவு கேட்டார் என்பதை அன்றே கொப்பியில் எழுதிவையுங்கள். நேரத்தோடு முறைப்பாடு போனால் காசு கைமாறும் இடத்திலேயே சுற்றிவளைத்துப் பிடிக்கலாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் தகவல் தருபவருக்குப் பாதுகாப்பும் உண்டு.

காசு கேட்காமல் வெறுமனே இழுத்தடித்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. “எங்கள் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது?” என்று தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். எழுத வராதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி எழுதிக்கொள்ளவேண்டும். மறுத்தால் தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள்.