செக்ரோலில் பெயர் இல்லாத தாய்க்குப் பிள்ளைக்காசு யார் கொடுப்பது?

பாராளுமன்றத்தில் தோட்டத் தொழிலாளியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது நாட்சம்பளத்தில் தொடங்கி நாட்சம்பளத்திலேயே முடிந்துவிடுகிறது. சம்பளம் பேசப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சத்தத்துக்குள்ளே இன்னொன்று ஓசைப்படாமல் நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அது நம் பெண்களின் பிள்ளைக்காசு.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பேறுக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம் கொடுப்பனவோடு லீவு. இரண்டு பிள்ளைகள் உள்ளவளுக்கு அடுத்த பேற்றில் பாதி லீவுதான் என்றிருந்த அநியாயத்தை 2018இல் பாராளுமன்றம் நீக்கியது. இப்போது எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். கர்ப்பமாக இருக்கிறாள் என்ற காரணத்துக்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்த முடியாது. ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தை உள்ள தாய்க்கு 9 மணித்தியால வேலையில் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் வேறு. (மலை உச்சியிலிருந்து மடுவத்துக்கு இறங்கி ஏறவே அரை மணித்தியாலம் போய்விடும் தோட்டங்களில் இந்தக் கணக்கு எப்படிச் சரிவரும் என்பதைத் துரைமார்தான் சொல்ல வேண்டும்.) இதைக் கங்காணி காட்டும் தயவு என்று நினைக்கும் சகோதரிகள் இன்னும் இருக்கிறார்கள். தயவு அல்ல, சட்டம்.

ஆனால் பிள்ளைக்காசு ஒரு நிபந்தனையில் தொங்குகிறது. பேறுக்கு முந்திய ஓராண்டில் அந்த முதலாளியிடம் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். வாரம் ஆறு நாளும் வேலை கிடைத்தால் ஆறு மாதத்துக்குள் 150 நாள் வந்துவிடும். வாரம் மூன்று நாள்தான் வேலை என்றால், வருடம் முழுக்க ஒரு நாள்கூடத் தவறாமல் போனாலும் 156 நாள்தான். மசக்கையில் படுத்த நாள், கிளினிக்குக்குப் போன நாள் என்று ஏழு நாள் குறைந்தால் 149. கைக்காசுக்கு எடுத்த கொழுந்தைச் செக்ரோலில் ஏற்றாவிட்டால் அந்த நாட்களும் போயின. அவள் வேலை செய்ததற்கு அந்த மலை மட்டுமே சாட்சி.

இது போதாதென்று வந்திருக்கிறது வெளியார் உற்பத்தி முறை. 2021இல் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகிய கம்பனிகள் இதைத்தான் நம் விடிவு என்று சொல்கின்றன. தேயிலை மலையைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக் கொடுப்பார்கள். கொழுந்தைக் கிலோவுக்கு விலை போட்டு வாங்கி, உரத்துக்கும் மருந்துக்கும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். "நீங்கள் இனிக் கூலிகள் அல்ல, சிறு முதலாளிகள்" என்கிறார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மலை அதே மலை, தராசு அதே தராசு, கொழுந்து போய்ச் சேருவதும் அதே தொழிற்சாலைக்குத்தான். மாறியது ஒன்றே ஒன்று: செக்ரோலில் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் நாள் இல்லை. நாள் இல்லாவிட்டால் 150 இல்லை, ஈ.பி.எப். இல்லை, ஈ.டி.எப். இல்லை. ஒப்பந்தம் கணவன் பெயரில் எழுதப்பட்ட வீட்டில், கொழுந்து எடுக்கும் பெண் எந்தக் காகிதத்திலும் இல்லை. இந்தச் சிறு முதலாளியம்மா பிள்ளை பெற்றால் பிள்ளைக்காசைத் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான்!

செலவு தாங்கவில்லை என்பது கம்பனிகளின் பல்லவி. பிள்ளைக்காசு முழுவதும் முதலாளி தலையில் விழுவதால் பெண்ணை நிரந்தரமாக எடுக்கத் தயங்குகிறோம் என்றும் சொல்லக்கூடும். அதற்கும் பதில் இருக்கிறது. சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 103ஆம் இலக்கத் தாய்மைப் பாதுகாப்பு உடன்படிக்கையை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. இந்தச் செலவைத் தனி முதலாளி மேல் சுமத்தக் கூடாது, சமூகக் காப்புறுதி அல்லது பொதுநிதி மூலம் கொடுக்க வேண்டும் என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அப்படியொரு நிதியம் நம் பெண்களுக்கு வரவில்லை. ஏன் என்று அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய இடம் பாராளுமன்றம் அல்லவா?

கேட்பதற்கு வழியில்லாமல் இல்லை. துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் இருக்கின்றன. தொழில் அமைச்சின் ஆலோசனைக் குழு இருக்கிறது. பெண் பாராளுமன்ற உறுப்பினர்களின் ஒன்றியம் இருக்கிறது. அரச தோட்டங்களைக் கோப் குழுவே கூப்பிட்டு விசாரிக்கலாம். எந்தத் தோட்டத்தில் எத்தனை பேறு என்பது குடும்பநல மாதுவின் பதிவேட்டில் உண்டு. எத்தனை பேருக்குக் காசு கொடுக்கப்பட்டது என்பது தோட்டக் கந்தோரில் உண்டு. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால் யார் யாருக்குக் கிடைக்கவில்லை என்பது ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். மலையக வாக்கில் பாராளுமன்றம் போனவர்கள் இந்த ஒரு வேலையையாவது செய்யட்டும்.

அதோடு சட்டத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். எந்த ஒப்பந்தத்தின் பெயரில் என்றாலும், கம்பனி மலையில் கொழுந்து எடுத்துக் கம்பனித் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் பெண் தொழிலாளியே. கொழுந்து நிறுத்த ஒவ்வொரு நாளும் 150இல் ஒரு நாளாக எண்ணப்பட வேண்டும்.

சகோதரிகளே, கைக்காசு நாளோ ஒப்பந்த நாளோ, கொழுந்து நிறுத்த துண்டைக் கிழித்துப் போடாதீர்கள். துண்டு தராவிட்டால் திகதியையும் கிலோவையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைக்காசு மறுக்கப்பட்டவர்கள் அதோடு கிளினிக் அட்டையையும் எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டக் கமிட்டியின் மாதர் தலைவியைப் பாருங்கள். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதும்போதும், பாராளுமன்ற உறுப்பினர்களின் மேசையில் வைக்கும்போதும் அந்தத் துண்டுகள்தான் நம் செக்ரோல்.